ஞாயிற்றுக்கிழமைக்கு உங்கள் வாய் இரவல் வேண்டும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் பொய்யோடு தொடங்கி உதவி கேட்டால் பலிக்காது. அங்கு எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும், முக்கியமாக உங்கள் தொண்டை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மருமகளுக்கு, அதாவது என் மகளுக்கு, சம்பந்தம் பேச வருகிறார்கள். பையன் அவளோடு வேலை பார்க்கும் கேமராமேன். இருவரும் பள்ளிகளுக்குப் பாலியல் கல்விப் படம் எடுக்கிறார்கள். இப்போது பையன்களும் பெண்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, கையைத் தூக்கிக் கேள்வி வேறு கேட்கிறார்களாம்! நம் காலத்தில் சுகாதாரத் துறை ஊர் ஊராகக் காட்டிய அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஜன்னலையெல்லாம் போர்வையால் மூடினார்கள். அதில் டாக்டர் உட்படப் பின்னணிக் குரல் முழுக்க நான்தானே. ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்துகொண்டிருந்தவனை, குரல் கணீரென்று இருக்கிறது என்று இழுத்துக்கொண்டு போனார்கள். கல்யாணமாகாதவன், பாதி புரியாமலே, ரயில் தாமதத்தைச் சொல்கிற மாதிரி கர்ப்பத்தையும் சொல்லி வைத்தேன். முதல் பாகம் முழுக்கப் பூ, மகரந்தம், வண்டு. திரையில் மனிதர்கள் வந்ததுமே நீங்கள் ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை அணைத்தீர்கள். உங்கள் தங்கை பார்த்தது வண்டு வரைக்கும்தான்.

அன்னைக்குப் பிடிச்ச சனி இன்னும் விடல மச்சான். போன வாரம் மருந்துக் கடையில "இருமல் மருந்து குடுங்க"ன்னு வாயத் திறந்தேன். பக்கத்துல நின்ன என் வயசுக்காரர் திடுக்கிட்டுத் திரும்பி, பொண்டாட்டிய வெளிய போய் நிக்கச் சொல்றார்! பையனோட அப்பாவுக்கும் என் வயசுதான். நான் "வாங்க"ன்னு சொன்னா போதும், வந்த வழியே போயிடுவார். "இதுல என்னப்பா வெட்கம்"னு உங்க மருமக சிரிக்கிறா. எம்பொண்ணு வாழ்க்கை என் தொண்டையில வந்து மாட்டிக்கிட்டு நிக்குது. எனக்குத் தொண்டை கட்டிப்போச்சுன்னு சொல்லிடறேன், நீங்க வந்து பேசிடுங்க.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், எல்லாம் சத்தமில்லாமல்.

இப்படிக்கு,
வாயடைத்துப்போன தங்கை புருஷன்

பி.கு.: பேச வர வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் பையனின் அப்பாவே வந்துவிட்டார், இந்த வெயிலில் முகத்தை மூடிய மஃப்ளரோடு. என்னைத் தனியாகக் கூப்பிட்டு அவிழ்த்துக் காட்டினார். படத்தில் டாக்டர் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாரே புது மாப்பிள்ளை, அவரேதான்! முகம் தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று அவருக்கும் பயமாம். "உட்காருங்க" என்றேன். குரலைக் கேட்டதும் பழக்க தோஷத்தில் தலையைக் குனிந்துகொண்டார். கல்யாணம் முடிவாகிவிட்டது. அடுத்த படத்தில் எங்கள் இருவரையும் நடிக்கச் சொல்கிறார்கள் பிள்ளைகள். ஓடிப்போய் டிவியை அணைக்கிற அப்பா வேஷம் ஒன்று காலியாக இருக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். ஒத்திகை வேண்டாமாம், வந்தால் போதும்.