கிணற்று நீர் மூன்றாம் முறை தேறிய விவரம்

தளி,
ஐப்பசி 9.

அன்புள்ள மாப்பிள்ளை முத்துக்குமார் அவர்களுக்கு, மாமனார் கோவிந்தப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், உங்கள் அத்தை சரோஜம்மாள், பசு ஆறு, கன்று மூன்று, அனைவரும் சுகம். கிணறு சுகமில்லை என்று நீங்கள் சொல்லிவிட்டதால் அதைச் சேர்க்கவில்லை. ஓசூரில் நீங்களும் சுசித்ராவும், போனில் மட்டுமே நான் பார்த்திருக்கும் என் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும்.

முதல் முறை ஆய்வுச்சீட்டைப் பார்த்துவிட்டு, எங்கள் கிணற்று நீரில் நைட்ரேட் கூடிவிட்டது, கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கலக்க ஆகாது, சரியாகும்வரை தாயையும் பிள்ளையையும் அனுப்ப மாட்டேன் என்றீர்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. யூரியா மூட்டையைத் தொட்டு மூன்று வருஷமாகிறது. போடுவதெல்லாம் மாட்டெரு மட்டும்தான். வேளாண்மை அலுவலர் வினிதா வந்து பார்த்து, "கெணத்துக்குப் பத்தடியில எருக் குப்பைமேட்ட வெச்சிருக்கீங்களே ஐயா, மழையில அதோட சத்தெல்லாம் கரைஞ்சு தண்ணியில எறங்குது, தள்ளி வைங்க" என்றார். செவ்வாய், வெள்ளியில் குப்பையை நகர்த்தினால் லட்சுமி போய்விடுவாள் என்று அத்தை தடுத்ததால், புதன்கிழமைவரை காத்திருந்து, டிராக்டர் வைத்து நூறடி தள்ளி மேட்டு நிலத்தில் கொட்டினேன். வியாழக்கிழமை மழை. மேட்டில் இருந்ததில் பாதி ஓடிவந்து பள்ளத்துக் கிணற்றிலேயே இறங்கியது. தூரம் சொன்ன அம்மாள் மேடு பள்ளம் சொல்லவில்லையே! குப்பை இருந்தால்தானே வம்பு என்று மிச்சத்தையெல்லாம் கோஸ் தோட்டத்தில் இறைத்தேன். கோஸ் இலை இலையாக விரிந்ததே தவிர உருண்டை பிடிக்கவில்லை. "பயிரு தின்ற அளவுக்குத்தான் போடணுங்க, மீதி மறுபடியும் கெணத்துக்குத்தான் போவும்" என்கிறார் வினிதா. எரு போட்டது குற்றம் என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

இரண்டாம் முறை ஆய்வுக்குக் கொடுக்கும்போது அத்தை குறுக்கே வந்தாள். "கொழந்தைக்குப் போற தண்ணி, பச்சத்தண்ணியாவா குடுப்பாங்க?" என்று துளசி போட்டு, பாதியாகச் சுண்டக் காய்ச்சி பாட்டிலில் ஊற்றினாள். முதல் முறையைவிட நைட்ரேட் கூடுதல் என்று வந்தது. காய்ச்சினால் நீர்தான் போகுமாம், அது போகாதாம். அறுபத்திரண்டு வயதுவரை காய்ச்சின தண்ணீரை நம்பியவன் இனி எதை நம்புவது, நீங்களே சொல்லுங்கள்.

ஆனாலும் இனிக் கவலை வேண்டாம். புதுக் குப்பையைக் கிணற்றுக்குக் கீழ்ப்புறம், தார்ப்பாய் விரித்துக் குவித்து மேலேயும் மூடிவிட்டேன். மூன்றாம் முறை கொடுத்த நீர் தேறிவிட்டது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆய்வுச்சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இருவரையும் அவசியம் அழைத்து வாருங்கள்.

பேத்திக்கு நூறு வயதும், அவளை வளர்க்க உங்களுக்குப் பொறுமையும் கிடைக்க வாழ்த்தும்,
கோவிந்தப்பன்.

பின்குறிப்பு: மூன்றாம் பாட்டிலில் போனது கிணற்று நீர் அல்ல, கடையில் வாங்கிய கேன் தண்ணீர். உறையை ஒட்டும்போது மனசு கேட்கவில்லை. குழந்தையை அழைத்து வராதீர்கள். கிணறு தேறப் பல மாதம் ஆகுமாம். ஞாயிறன்று முதல் பஸ்ஸில் நாங்களே வருகிறோம். பேத்தியை முதலில் என் கையில் கொடுத்துவிடுங்கள், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.