கோட்டைப் பிடித்த மாஸ்டர்

என் மனைவியின் கோட்டைக் கெடுத்துவிடுவது என்று ஒரு நாள் காலையில் முடிவு செய்தேன். சாதாரண முடிவல்ல. பல் தேய்த்துக்கொண்டே எடுத்த முடிவு. அப்படி எடுத்த முடிவுகளை நான் மாற்றுவதில்லை. மனைவி மாற்றினால்தான் உண்டு.

கெடுப்பது என்றால் கத்தரியால் கிழிப்பதோ, இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தீய்ப்பதோ இல்லை. அதெல்லாம் தொழில் தெரியாதவன் செய்வது. நான் தையல்காரன். இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் பிடித்துத் தைத்துவிட வேண்டும். அவள் போட்டுப் பார்ப்பாள். பொத்தான் எட்டாது. பெருத்துவிட்டோம் என்று நினைத்துக் கோட்டைக் கழற்றி வைப்பாள். பழையபடி நான் தைத்துக் கொடுத்த சாம்பல் நிறச் சட்டைக்குள் வந்து சேர்வாள்.

சொல்லவே வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதிக் கதை தெருவுக்குத் தெரிந்துவிட்டது. மீதியையும் நானே சொல்லிவிட்டால் எதிரே இருக்கும் மருந்துக்கடைக்காரர் கைகால் வைத்துச் சொல்வது மிச்சம்.

வீட்டு முன்னறைதான் என் கடை. ஒரு மிஷின், வெட்டு மேசை, ஓர் ஆளுயரக் கண்ணாடி. ஆண்களுக்கு மட்டும் தைப்பேன். தெருவில் எல்லோரும் என்னை 'மாஸ்டர்' என்பார்கள். வீட்டுக்குள் அந்தப் பட்டம் செல்லாது. அங்கே மாஸ்டர் வேறு ஆள்.

அவளுக்குக் கண் ஆஸ்பத்திரியில் வேலை. டெலிபோன் எடுப்பது. ஜன்னல் இல்லாத ஒரு பின்னறையில் உட்கார்ந்து, எந்த டாக்டர் எப்போது வருவார், சொட்டு மருந்தை எத்தனை வேளை விட வேண்டும் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும். முகம் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

எல்லாம் ஒரு சாயங்காலம் ஆரம்பித்தது. வேலையிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

"இன்னைக்கு ஒருத்தர் பின்னறை வரைக்கும் தேடிக்கிட்டு வந்துட்டாருங்க. டெலிபோன்ல பேசற அம்மாவுக்கு நன்றி சொல்லணுமாம்."

"சொன்னாரா?"

"எங்க சொன்னாரு? அந்த அம்மா எங்கேன்னு என்கிட்டயே கேட்டாரு. நான்தான்னு சொன்னேன். நம்பல. 'அவங்க குரல் கம்பீரமா இருக்குமே'ன்னுட்டுப் போயிட்டாரு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் கையில் ஓர் அவசரக் கால்சட்டை இருந்தது.

அடுத்த வாரம் இடுப்பு வரைக்கும் இருந்த முடி கழுத்தோடு நின்றது.

"முடியை என்ன பண்ணினே?"

"வெட்டினேன்."

"யாரைக் கேட்டு வெட்டினே?"

"முடியைத்தான் கேட்டேன். அது ஒண்ணும் சொல்லல."

அதற்கப்புறம் அவள் நடையே மாறிவிட்டது. முன்னெல்லாம் சுவர் ஓரமாகத்தான் போவாள். இப்போது தெரு நடுவில் போனாள். எதிரே வரும் சைக்கிள்கள் ஒதுங்கின. கடைசியாக ஒரு கோட்டு வாங்கி வந்தாள். தக்காளிச் சிவப்பு. அந்தச் சிவப்பில் நான் இதுவரை பார்த்தது தபால் பெட்டியும் தீயணைப்பு வண்டியும்தான்.

"எப்படி இருக்கு?" என்று போட்டுக் காட்டினாள். நான் ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமல் "ம்" என்றேன்.

"பெரிய டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னாங்க. புதுக் கட்டடத் திறப்பு விழாவை மேடையில நின்னு நடத்தித் தரணுமாம். அப்புறம் முன்கூடத்துல வரவேற்பு மேசை முழுக்க என் பொறுப்பாம்."

"முடியாதுன்னு சொல்லிட்டியா?"

"முடியும்னு சொன்னேன். இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு ஏறினா எனக்குப் பயமே இருக்காது. அந்தச் சாம்பல் சட்டையோட மட்டும் ஏற மாட்டேன். அப்படின்னா வேற யாராவது ஏறட்டும்."

அதைச் சொன்னபோது அவள் குரல் லேசாக நடுங்கியது. எனக்கும் கேட்டது. கேட்காத மாதிரி நூலைக் கடித்தேன்.

இவ்வளவும் பொறுத்துக்கொண்டிருப்பேன். மருந்துக்கடைக்காரர்தான் கெடுத்தார். எதிர்க்கடை அவருடையது. ஒரு கால்சட்டையை வாங்கிப் போக வந்தவர், மேசை மேல் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"மாஸ்டர், நேத்து உங்க வீட்டிலேருந்து ஒரு அம்மா ஜம்முனு கிளம்பிப் போனாங்களே, யாரு? உறவா?"

"என் சம்சாரம்."

"அடடே. அப்போ பின்னாடியே பையைத் தூக்கிக்கிட்டு ஒரு பெரியவர் போனாரே?"

"அது நான்."

மருந்துக்கடைக்காரர் நல்ல மனுஷன். எனக்காக வருத்தப்பட்டார். "பார்த்துக்குங்க மாஸ்டர். இனிமே ரெண்டு பேரும் சேர்ந்து பஸ்ஸுல போனா ஜனங்க எழுந்து உங்களுக்கு இடம் குடுப்பாங்க."

எனக்கு முகம் செத்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். தொந்தி. அதன் மேல் ஒரு சட்டை. அந்தச் சட்டையில் நடுப் பொத்தான் இல்லை. ஊருக்கெல்லாம் பொத்தான் வைக்கிறவன் சட்டையில் பொத்தான் இல்லை. சமமாவதற்கு இரண்டே வழிதான் இருந்தது. நான் அவள் அளவுக்கு ஏற வேண்டும். அல்லது அவளை என் அளவுக்கு இறக்க வேண்டும். ஏறுவதற்கு மூச்சு வாங்கும் என்று தோன்றியது.

"அந்தக் கோட்டு மட்டும் அவளுக்குச் சேராமப் போச்சுன்னா எல்லாம் சரியாயிடும்" என்று மருந்துக்கடைக்காரரிடம் புலம்பினேன். அவர் காசு கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் புலம்பல்தான் மறுநாள் காலை பல் தேய்க்கும்போது திட்டமானது.

அன்று அவள் வேலைக்குப் போனபோது அதிர்ஷ்டம் என் பக்கம் இருந்தது. கோட்டு பீரோவில் இல்லை. என் மிஷினுக்குப் பக்கத்து ஆணியிலேயே தொங்கியது. கதவைச் சாத்தினேன். அந்தக் காலத்து ராஜாக்கள் கோட்டையைப் பிடித்தார்கள். எனக்குக் கோட்டைப் பிடிக்கத்தான் கொடுத்து வைத்திருந்தது.

எவ்வளவு பிடிப்பது? கொடியில் கிடந்த அவளுடைய சாம்பல் சட்டையை எடுத்துக் கோட்டின் மேல் விரித்தேன். ஏறக்குறைய ஒரே அளவு. நான் தைத்த சட்டையல்லவா, அளவு தப்பாது. பக்கத்துக்கு ஓர் இன்ச் பிடித்தால் பொத்தான் கிட்டவே வராது. சாக்பீஸை எடுத்துக் கோடு போட்டேன்.

வெறுமனே இரண்டு தையல் ஓட்டியிருந்தால் போதும். மிஷினில் கறுப்பு நூல்தான் இருந்தது. கெடுக்கிற வேலைக்கு எந்த நூலாக இருந்தால் என்ன? அப்படித்தான் நானும் நினைத்தேன். கை கேட்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டுத் தக்காளிச் சிவப்பில் நூல் தேடிப் போனேன். இரண்டு கடையில் இல்லை. மூன்றாவது கடையில் கிடைத்தது. திரும்பி வந்து கோட்டின் உள் துணியைப் பிரித்து, பக்கம் பிடித்து, முதுகில் வளைவு கொடுத்து, பக்கத்தை மட்டும் பிடித்தால் கை தொங்குமே என்று கையையும் பிடித்து, உள் துணியைக் கையாலேயே ஊசி போட்டு மூடினேன். ஈரத்துணி வைத்து இஸ்திரி போட்டேன். ஆணியில் மாட்டிவிட்டு எட்டி நின்று பார்த்தேன். இவ்வளவு அழகாக யாரும் யாரையும் கெடுத்திருக்க மாட்டார்கள்.

விழா நாள் காலை அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் வெளியே ஆறுதல் வார்த்தைகளோடு தயாராக நின்றேன். 'வயசானா உடம்பு போடறது சகஜம்தான்.' 'போகலைன்னா என்ன, வேற யாராவது பேசிட்டுப் போறாங்க.' சாம்பல் சட்டைக்கு இஸ்திரிகூடப் போட்டு வைத்திருந்தேன்.

கதவு திறந்தது.

கோட்டு அவள் மேல் உட்கார்ந்திருந்தது. தோளில் சுருக்கம் இல்லை. இடுப்பில் ஒரு மடிப்பு இல்லை. பொத்தான்கள் சிரமப்படாமல் போட்டபடி நின்றன. முதுகை நிமிர்த்திக்கொண்டு அவள் கண்ணாடியைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

பக்கத்துக்கு ஓர் இன்ச் பிடித்த கோட்டு எப்படிச் சேர்ந்தது? அப்புறம்தான் உறைத்தது. நான் அளந்தது அந்தச் சாம்பல் சட்டையைத்தான். அது அவள் மேல் வருஷக்கணக்காகத் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தெருவில் யாருடைய கழுத்து எத்தனை, இடுப்பு எத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் மனைவியின் அளவு எனக்குத் தெரியாது. குத்துமதிப்பாகவே தைத்து, குத்துமதிப்பாகவே அவளோடு வாழ்ந்திருக்கிறேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றேன். பொய் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

"அப்போ கிளம்புங்க."

"நானுமா?"

"பின்னே? பையை யார் தூக்குவாங்க?"

புதுக் கட்டடத்தில் பெரிய கூடம். கூட்டம் நிரம்பி வழிந்தது. நான் கடைசி வரிசையில், மருந்துக்கடைக்காரருக்கும் ஒரு தூணுக்கும் நடுவில் ஒளிந்துகொண்டேன். அவள் மேடையேறினாள். படியில் கால் ஒரு கணம் தயங்கியது. பிறகு கோட்டின் முன்பக்கத்தை ஒரு முறை தடவிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இருபது வருஷமா டெலிபோன்ல உங்ககிட்ட பேசினது நான்தான். முகத்தை யாரும் பார்த்ததில்ல. இன்னைக்கு நல்லாப் பார்த்துக்குங்க. சரியாத் தெரியலைன்னாலும் கவலையில்ல. இது கண் ஆஸ்பத்திரிதான்."

கூடம் சிரித்தது. அந்தக் குரல் என்று தெரிந்ததும் கை தட்ட ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே இல்லை. நானும் தட்டினேன். தட்டத் தட்ட எனக்கு அழுகை முட்டியது. இந்த மேடையில் அவள் ஏறக் கூடாது என்றுதான் நான் ஒரு முழு நாள் உட்கார்ந்து தைத்தேன்.

விழா முழுவதையும் அவள் தட்டுத் தடுமாறாமல் நடத்தினாள். முடிவில் பெரிய டாக்டரம்மா மைக்கை வாங்கி, "எங்க வரவேற்பு மேசைக்கு இவங்களை விட்டா ஆள் இல்ல. இந்தக் கோட்டு எங்க தைச்சதுன்னும் சொல்லிட்டா எங்களுக்கு உதவியா இருக்கும்" என்றார்.

"கோட்டு கடையில வாங்கினது டாக்டர். ஆனா அதைப் பார்த்துப் பார்த்து என் அளவுக்குப் பிடிச்சுக் குடுத்தது என் வீட்டுக்காரர். அதோ, தூணுக்குப் பின்னாடி உக்காந்திருக்கார். எழுந்திருங்க."

கூடம் மொத்தமும் திரும்பியது. மருந்துக்கடைக்காரர் என்னைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். பொத்தான் இல்லாத இடத்தைக் கையால் மூடிக்கொண்டு நின்றேன். எல்லோரும் அதை அடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கோட்டைப் பிடிக்கப் போய் இப்படிக் கோட்டை விட்டவன் வேறு எவனும் இருக்க மாட்டான்.

வீடு திரும்பும் வழியில் பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். பாதித் தெரு தாண்டியதும் கேட்டேன்.

"நான் பிடிச்சேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"உள் துணியைப் பிரிச்சு மூடினது வெளியே தெரியாமத் தைக்க இந்தத் தெருவுல வேற யாருக்கு வரும்?"

"அது வந்து… நான் எதுக்குப் பிடிச்சேன்னா…"

"அதுவும் தெரியும். சேரலைன்னா நான் வீட்டோட கிடப்பேன்னு."

தெருவில் அப்படியே நின்றுவிட்டேன். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் பையைப் பார்த்தேன்.

"கடைக்கும் அடுப்படிக்கும் நடுவுல ஒரு திரைதான் இருக்கு. நீங்க மருந்துக்கடைக்காரர்கிட்ட புலம்பினதெல்லாம் கேட்டுச்சு."

"கேட்டும் கோட்டை என் கண்ணு முன்னாடியே மாட்டிட்டுப் போனியா?"

"வேற என்ன பண்றது? கடையில என் அளவுல இல்ல. பெரிசுதான் கிடைச்சுது. போட்டுக் காட்டினேன், நீங்க நிமிர்ந்துகூடப் பார்க்கல. பிடிச்சுக் குடுங்கன்னு கேட்டிருந்தா, ஊர்ச் சட்டையெல்லாம் முடிச்சுட்டு அடுத்த வருஷம் தருவீங்க."

"நான் ரொம்ப அதிகமாப் பிடிச்சிருந்தா?"

"என்னை எவ்வளவு குண்டுன்னு நினைக்கறீங்கன்னு எனக்குத் தெரியாதா? அந்தச் சாம்பல் சட்டையைத் தினமும் போடறவ நான்தானே. அதை வச்சுத்தான் அளப்பீங்கன்னும் தெரியும்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "கோபமா?" என்று மட்டும் கேட்டேன்.

"ரொம்ப" என்றாள். சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். நானும் நடந்தேன். எங்கள் வீட்டு வாசல் வந்ததும் சாவிக்குக் கையை நீட்டினாள்.

"பீரோவுல இன்னும் ரெண்டு உடுப்பு வாங்கி வச்சிருக்கேன், அதுவும் தொளதொளன்னு கிடக்கு. அடுத்த தடவை பொறாமை வர்றப்போ அதையும் பிடிச்சு வச்சிருங்க."