மூன்றாம் மாடியில் திறந்துகொண்ட கதவு

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, முற்பகல் பத்தரை மணியளவில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் மாடியில், பூட்டு நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருவர் தமக்குச் சற்றும் உரிமையில்லாத வீட்டின் கதவைத் திறந்துவிட்டு, அதை மூட வழி தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

திருடும் எண்ணம் அவருக்கு இல்லை. காலையில் மேலாளர் இட்ட கட்டளையே அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது. மேலாளர் வேறு யாருமல்லர்; மனைவியின் அண்ணன்.

"மாப்ளே, இனிமே கண்ட நம்பருக்கெல்லாம் போன் போட்டு ஜனங்க வாயில விழாதீங்க. அதெல்லாம் அந்தக் காலம். யாருக்குப் பூட்டு தேவைன்னு நேர்ல போய்க் கண்டுபிடிங்க. இன்னைக்குள்ள ஒரு ஆர்டராவது வரலேன்னா, தங்கச்சி புருஷன்னுகூடப் பாக்க மாட்டேன்."

வேலை போனால் சம்பளம் மட்டுமா போகும்? மாமியார் வீட்டுப் படியேற முகம் வேண்டுமே! பல ஆண்டுகளாக மேசையை விட்டு எழாமல் தொலைபேசியிலேயே விற்றுவந்த மனிதர், அன்று மாடி மாடியாக ஏறி, எந்த வீட்டுப் பூட்டு வலுவற்றது என்று நோட்டமிட்டார்.

மூன்றாம் மாடியில், கைப்பிடியோடு சேர்ந்த பூட்டு ஒன்று துருவேறிக் கிடந்தது. எவ்வளவு தாங்கும் என்று அறிய லேசாகத் தள்ளிப் பார்த்தார். கதவு, 'வாங்க' என்று சொல்லாத குறையாகத் திறந்துகொண்டது.

சாத்தினார், திறந்தது. பலமாக இழுத்துச் சாத்தினார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

ஓடிவிடலாம். ஆனால் ஆளில்லாத வீட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போக மனசாட்சி இடம்தரவில்லை. கைப்பிடியைப் பைக்குள் செருகிக்கொண்டு வாசலில் காவல் நின்றார்.

கூரியர்காரர் ஒருவர் படியேறி வந்தார்.

"இந்த வீடுதானே சார்?"

"ஆமா... இல்ல... வீடு இதுதான்."

"அப்போ ஒரு கையெழுத்து."

வெட்கத்துடன் தம் சொந்தப் பெயரையே எழுதிக்கொடுத்தார். பார்சல் கைக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அம்மாள் தலையை நீட்டினார்.

"யாருப்பா நீ?"

"சொந்தக்காரன்மா. தம்பி முறை."

"நர்ஸுக்குத் தம்பியா? கூடப் பொறந்தவங்களே இல்லேன்னு சொன்னாளே?"

"ஒண்ணுவிட்ட தம்பி."

"ஒண்ணு விட்டியோ ரெண்டு விட்டியோ, பையிலேர்ந்து எட்டிப் பாக்குதே, அது என்ன? கதவுக் கைப்பிடியா?"

அம்மாள் போட்ட கூச்சலில் மாடிப்படி நிறைந்துவிட்டது. விற்பனையாளருக்குக் காதுமடல்வரை சூடேறியது. இனி மறைத்துப் பயனில்லை என்று, தாம் யார், எதற்கு வந்தார் என்பதை ஒப்புவித்தார்.

"பூட்டு விக்கிறவரு எதுக்குய்யா பூட்டை ஒடைக்கிறாரு?"

"ஒடைக்கலம்மா, தொட்டேன். அவ்வளவுதான்!"

"தொட்டதுக்கே கையோட வந்துடுச்சாக்கும்! எங்க வீட்டுப் பக்கம் கை நீட்டிராதேப்பா, சுவரு விழுந்துடும்."

கூட்டம் சிரித்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார், சிரித்ததில் கூனிக் குறுகிப்போனார்.

இரவுப் பணி முடித்த நர்ஸ், கண்ணில் தூக்கத்தோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். விற்பனையாளர் ஒரு கையில் பார்சலையும் மறு கையில் கைப்பிடியையும் நீட்டியபடி தலைகுனிந்தார்.

"அக்கா, மன்னிச்சுடுங்க. தப்பு என்னோடதுதான். ஆனா, தள்ளினா தொறக்கிற பூட்டை உங்க தலையில கட்டினான் பாருங்க, அவனை முதல்ல உள்ள தள்ளணும். இருபது வருஷத்துப் பழசுதானே இது?"

நர்ஸ் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவை 'அக்கா'ன்னு சொல்லுங்க."

"அக்கா..."

"அதே குரல்! மூணு மாசத்துக்கு முன்னாடி, தூங்கப் போனவளைத் தூங்கவிடாம போன் பண்ணி, 'அக்கா, உங்க தம்பி சொல்றேன், யானை முட்டினாலும் தொறக்காது'ன்னு இந்தப் பூட்டை எனக்கு வித்ததே நீங்கதான்!"

முடிவு அங்கேயே எடுக்கப்பட்டது: போலீஸ் வேண்டாம், தொலைபேசியில் விவரம் கேட்ட மேலாளர் புதிய பூட்டொன்றை இலவசமாக அனுப்பிவைப்பார், அது வந்து சேரும்வரை, நர்ஸ் உள்ளே நிம்மதியாக உறங்க, தம்பி வாசலை விட்டு நகரக் கூடாது.