வெற்றிக்கொடிக்கு ஒரு வெளிநாட்டு முதலாளி

லண்டன்காரர்களும் நியூயார்க்காரர்களும் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியது என் கடமை: கடந்த தை மாதத்திலிருந்து உலக முதலீட்டின் தலைநகரம் பல்லடம்தான்.

அந்தத் தை மாதத்தில்தான் எங்கள் வெற்றிக்கொடி கால்பந்துக் கழகத்தை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி விலைக்கு வாங்கியது. நான் கழகத்தின் இணைச் செயலாளர், கிருபாசங்கர். இருபது வருடமாக இந்தப் பதவியில் இருக்கிறேன். பந்தை ஒரு முறைகூட உதைத்ததில்லை. நிர்வாகம் என்பது அப்படிப் பட்டும் படாமலும் செய்ய வேண்டிய காரியம்.

வெற்றிக்கொடி என்பது பெயர். வெற்றி என்பது தனி விஷயம். மாவட்ட லீக்கில் மூன்று வருடமாகக் கடைசி இடத்தை நாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஜெர்சி தைத்த டெய்லருக்குப் பாக்கி. பூட்ஸ் கடைக்குப் பாக்கி. மைதானத்துக்குத் தண்ணீர் அடித்த டிராக்டருக்குப் பாக்கி. ஒரு முறை ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே விளையாட்டுச் சாமான் கடைக்காரர் உள்ளே இறங்கி, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த வருடம் நாங்கள் தோற்காத ஒரே ஆட்டம் அதுதான்.

இந்த நிலையில்தான் லூக்காஸ் வந்தார்.

எந்த நாட்டுக்காரர் என்று விசாரித்தோம். பிறந்தது ஒரு நாடு. குடியிருப்பது இன்னொரு நாடு. கம்பெனி பதிவாகியிருப்பது இரண்டுக்கும் சம்பந்தமில்லாத ஒரு தீவு. அந்தத் தீவில் கால்பந்து மைதானமே கிடையாதாம், தபால் பெட்டிகள் மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவாம். அப்பேர்ப்பட்ட இடத்திலிருந்து ஒருவர் பல்லடத்தைத் தேடிக்கொண்டு வருகிறார் என்றால், அது இந்த மண்ணின் மகிமை அல்லாமல் வேறென்ன?

அவருடன் நிதி ஆலோசகர் அக்ஷிதா வந்திருந்தார். கோயம்புத்தூரில் ஏசி அலுவலகம் வைத்திருப்பவர். லூக்காஸ் பேசும் ஆங்கிலத்தைத் தமிழாக்குவார். எங்களுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தால், உடனே மறுபடியும் ஆங்கிலமாக்கிவிடுவார்.

கழகத் தலைவர் சுப்பண்ணன் வீட்டு ஹாலில் கூட்டம். சுப்பண்ணனுக்கு நாற்பது விசைத்தறி. எனக்கு அதில் பாதி. அதனால்தான் அவர் தலைவர், நான் இணைச் செயலாளர்.

"ஏனுங்க அம்மணி, எங்க கழகத்த எவ்வளவுக்கு வாங்கறாருங்க?" என்று சுப்பண்ணன் கேட்டார்.

"ஒன்றரைக் கோடி சார்."

"பணம் கையில வெச்சிருக்கறாருங்களா?"

"பேங்க்ல லோன் எடுக்கறோம் சார்."

"லோன ஆருங்க கட்டறது?"

"கழகம்தான் சார்."

"எந்தக் கழகமுங்க?"

"உங்க கழகம்தான் சார்."

சுப்பண்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அதாவதுங்க... என்னைய வாங்கறதுக்கு என்ற பேர்லயே கடன் வாங்கி, அதைய நானே கட்டோணும்."

"கரெக்ட் சார். இதுக்கு லெவரேஜ்டு பைஅவுட்னு பேரு."

"பேரு நல்லாருக்குதுங்க," என்றார் சுப்பண்ணன். எல்லோரும் கைதட்டினோம்.

ஒன்றரைக் கோடியும் சொன்னபடி வந்தது. கம்ப்யூட்டர் திரையில் எங்கள் கண்ணாலேயே பார்த்தோம். பிறகு 'பிராண்டுக் கட்டணம்', 'தொலைநோக்குக் கட்டணம்', 'முதலாளியாக இருப்பதற்கான கட்டணம்' என்ற மூன்று தலைப்புகளில் அந்தத் தீவுக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்தது. பணத்துக்கும் ஊர்ப்பாசம் உண்டு என்பதை அன்று தெரிந்துகொண்டேன். எங்கள் கையில் தங்கியது ஆளுக்கொரு தொப்பி. டெய்லர் பாக்கியை அக்ஷிதா 'பாரம்பரியச் செலவு' என்று பெயர் மாற்றினார். அதற்குப் பிறகு அதைக் கொடுக்காமல் இருப்பதில் ஒரு கௌரவமே வந்துவிட்டது.

சரி, பேங்க் எதை நம்பி லோன் கொடுத்தது? மைதானம் பஞ்சாயத்துக்குச் சொந்தம். கோல் கம்பங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தம். கழகத்துக்கென்று எஞ்சியது ஆட்டக்காரர்கள் மட்டும். அவர்களைத்தான் சொத்தாகக் காட்டினோம். அதில் பெரிய சொத்து ஜெரோம்.

ஜெரோம் எங்கள் ஃபார்வர்டு. வயது இருபத்தைந்து. ராத்திரி சுப்பண்ணன் தறியில் வேலை, சாயங்காலம் மைதானம். போன வருடம் கழகம் அடித்த ஆறு கோலில் ஐந்து அவனுடையது. ஆறாவதை எதிரணிக்காரர் தவறிப்போய்த் தன் கோலிலேயே அடித்துக்கொண்டார். அக்ஷிதா ஜெரோமை 'மதிப்பீடு' செய்து, முப்பத்தெட்டு லட்சம் என்று முடிவு கட்டினார். அன்று மாலையே பையனைப் பார்த்தேன். முப்பத்தெட்டு லட்சம், பஞ்சராகிப்போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அந்த அசம்பாவிதம் நடந்தது. ஜெரோமுக்கு வேலை கிடைத்துவிட்டது.

சென்னையில் ஒரு பேங்க் தன் கால்பந்து அணிக்கு ஆள் எடுத்தது. நிரந்தர வேலை, பென்ஷன் உண்டு. பையன் சொல்லாமல் கொள்ளாமல் போய்த் தேர்வாகிவிட்டான். இருக்கும் கழகம் 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும். அதைக் கேட்டுத்தான் புதன்கிழமைக் கூட்டத்துக்கு வந்தான். கூடவே அவன் அம்மா மயிலாத்தாளும் வந்திருந்தார். பையன் தலையில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது.

லூக்காஸ் எழுந்து மயிலாத்தாளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். சுப்பண்ணன் வீட்டு நாற்காலியில் மயிலாத்தாள் அதுவரை உட்கார்ந்ததில்லை. அன்றும் உட்காரவில்லை. லூக்காஸுக்கு ஊர் 'நடைமுறை' தெரியாது. அயல்நாட்டாரின் இப்படிப்பட்ட சிறு குறைகளை நாம்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள லெட்டர் வேணுங்க மேடம்," என்றான் ஜெரோம். "இல்லீன்னா அடுத்த பையனக் கூப்பிட்டுப்போடுவாங்க. வயசு வரம்பு இந்த வருசத்தோட முடியுதுங்க. இன்னொருக்கா எனக்குக் கெடைக்காது."

அக்ஷிதா வருத்தத்துடன் தலையசைத்தார். "ரிலீஸ் பண்ண முடியாது ஜெரோம். நீங்க எங்க புக்ஸ்ல முப்பத்தெட்டு லட்சம்."

மயிலாத்தாள் மகனை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தார். "இவனுங்களா? இவனுக்கு ஒரு செருப்பு வாங்கறதுக்கே நான் சீட்டுக் கட்டிட்டு இருக்கறனுங்க."

"இன்டாஞ்சிபிள் அசெட்மா. அப்படின்னா, தொட்டுப் பார்க்க முடியாத சொத்து."

மயிலாத்தாள் மகனின் கையைத் திருகிக் கிள்ளினார். "அம்மோவ்!" என்று துள்ளினான்.

"தொட்டனுங்களே," என்றார் மயிலாத்தாள்.

என்ன நடக்கிறது என்று லூக்காஸ் கேட்டார். சொத்துச் சரிபார்ப்பு நடக்கிறது என்று அக்ஷிதா மொழிபெயர்த்தார்.

லூக்காஸ் திருப்தியடைந்து, ஜெரோமின் ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னார். அக்ஷிதா என்னைப் பார்த்தார். நான் சுப்பண்ணனைப் பார்த்தேன். சுப்பண்ணன் கூட்டத்திலேயே முதல்முறையாக ஜெரோமைப் பார்த்தார்.

"ஒப்பந்தமெல்லாம் எதுக்குங்க அம்மணி? வருவான், ஆடுவான், பொறவு தறிக்குப் போயிருவான்."

"சம்பளம்?"

"ஆட்டத்தன்னைக்குப் பரோட்டா வாங்கிக் குடுப்பமுங்க."

"ஜெயிச்சா போனஸ்?"

"அந்தப் பிரச்சனை வந்ததில்லீங்க."

அக்ஷிதாவின் முகம் வெளுத்தது. லூக்காஸின் காதில் அவசரமாக என்னவோ சொன்னார். பிறகு எங்களுக்கும் சொன்னார். "ஒப்பந்தம் இல்லைன்னா ஜெரோம் சுதந்திரமான ஆட்டக்காரர் சார். உலகத்துல எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் பிடிச்சு வைக்க முடியாது. பிடிச்சு வெச்சா நமக்குத்தான் அபராதம்."

முப்பத்தெட்டு லட்சம் ஒரே மூச்சில் பூஜ்யமாகிவிட்டது. லூக்காஸ் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பையன் கையோடு கொண்டுவந்திருந்த கடிதத்தை வாங்கினார், கையெழுத்துப் போட்டார். ஜெரோமின் கையைப் பிடித்துக் குலுக்கி, "குட் லக், மிஸ்டர் ஜெரோம்," என்றார். என்ன இருந்தாலும் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தொழிலில் உறுதி போதாது.

மயிலாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஜெரோம் கடிதத்தை இரண்டு முறை படித்தான்.

அப்போது சுப்பண்ணன் தொண்டையைச் செருமினார்.

"கழகம் உட்டுப்போட்டுதுங்க. செரி. தறி இன்னும் உடலீங்களே."

"தறியா?" என்றார் அக்ஷிதா.

"என்ற தறியில எம்பதாயிரம் முன்பணம் வாங்கியிருக்கறானுங்க. அவங்கப்பன ஆஸ்பத்திரில சேர்த்தப்போ குடுத்தது. அதைய முடிக்காம எப்பிடிங்க போறது?"

"பேங்க்ல சம்பளம் வந்ததும் மாசாமாசம் அனுப்பிச்சுப்போடறனுங்க ஓனரு," என்றான் ஜெரோம்.

"ஒட்டுக்கா ஒரே கையில வெச்சுப்போட்டுப் போ கண்ணு. மாசாமாசம் அனுப்பறதெல்லாம் சரிப்படாது. எனக்குப் பணமா முக்கியம்? ஆளு இருந்தாப் போதும்."

லூக்காஸ் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். முப்பத்தெட்டு லட்சம் போன சோர்வு அவருக்கு முழுதாகக் கலைந்துவிட்டது. கேள்வி மேல் கேள்வி கேட்டார், அக்ஷிதா தமிழாக்கினார்.

இதற்கு ஒப்பந்தம் எங்கே?

"இல்லீங்க. வாய் வார்த்தைதானுங்க."

வட்டி?

"சே சே! வட்டி வாங்கறது பாவமுங்க."

முன்பணம் கொடுத்து எத்தனை வருடம் ஆயிற்று?

"நாலு வருசமுங்க."

இப்போது பாக்கி எவ்வளவு?

"அதே எம்பதாயிரந்தானுங்க."

அவர் வேறு தறிக்குப் போய்விட்டால்?

"ஆரும் சேர்த்துக்க மாட்டாங்க. எங்களுக்குள்ள அது ஒரு மரியாதைங்க."

லூக்காஸ் லேப்டாப்பை, ஏதோ பூஜைச் சாமானை மூடுவதுபோல் மெதுவாக மூடினார். ஐந்து நாடுகளில் ஐந்து கழகங்கள் நடத்தியும், வக்கீல்களுக்குக் கோடிகோடியாகக் கொட்டியும், இப்படியொரு பிடிப்பைத் தன்னால் உருவாக்க முடியவில்லை என்றார். காகிதம் இல்லை, கோர்ட் இல்லை, ஆள் மட்டும் அப்படியே இருக்கிறார்! சுப்பண்ணன் அடக்கத்துடன் மீசையைத் தடவிக்கொண்டார்.

மயிலாத்தாளுக்கு மட்டும் இந்தப் பெருமை பிடிபடவில்லை.

"கடல் தாண்டி வந்தவரு முப்பத்தெட்டு லட்சத்த உட்டுப்போட்டு ஒரு நிமிசத்துல கையெழுத்துப் போட்டாருங்க. நீங்க எம்பதாயிரத்துக்கு எம் பையனக் கட்டி வெக்கறீங்களே சாமி."

சுப்பண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். ஜெரோம் கையிலிருந்த கடிதம் காற்றில் படபடத்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. நானும் பிள்ளை குட்டிக்காரன். எழுந்து நின்றேன்.

"சுப்பண்ணா, அந்த எம்பதாயிரத்த நான் இப்பவே கட்டிப்போடறனுங்க. பையன உட்டுருங்க."

மயிலாத்தாள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஜெரோம் நம்ப முடியாமல் நிமிர்ந்தான். அக்ஷிதாவின் கண்கூடக் கலங்கியது.

"திங்கக்கெழமையிலிருந்து என்ற தறிக்கு வந்துரட்டும்," என்று வாக்கியத்தை முடித்தேன்.

லூக்காஸுக்குத் தமிழாக்கம் தேவைப்படவில்லை. "டிரான்ஸ்ஃபர்!" என்று எழுந்து நின்று கைதட்டினார். சுப்பண்ணனும் தட்டினார்.

மயிலாத்தாளின் கைகள் கும்பிட்டபடியே நின்றுபோயின. ஜெரோம் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு சிரித்தான்.

"ரொம்ப சந்தோசமுங்க சங்கரண்ணா. உங்க தறியிலயிருந்து மெட்ராஸுக்குப் பஸ்ஸு போகுதுங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆகவே கூட்டக் குறிப்பில், 'ஆட்டக்காரர் மகிழ்ச்சியுடன் சம்மதித்தார்' என்று பதிவு செய்து, அவனுக்கான கையெழுத்தையும் நானே போட்டேன்.