ஓட்டையில்லாத கிதாரும் குடும்ப மதிப்பீட்டுக் குழுவும்

கலையைக் கட்டிக் காப்பதில் எங்கள் குடும்பத்துக்கு நிகரான குடும்பம் இந்த உலகத்தில் இல்லை. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. இதைச் சொன்னவர் வெளியாள், நிபுணர், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே தூக்கிவிட்டவன், தான் மட்டும் எங்கள் வீட்டு மாடி அறையைத் தாண்டி உயரவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. போன மாதம் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை. அறையைக் காலி செய்தபோது கட்டிலுக்கு அடியிலிருந்து அவனுடைய எலக்ட்ரிக் கிதார் ‘கண்டெடுக்கப்பட்டது’. அது அங்கே இருப்பது எல்லோருக்கும் தெரியும்தான். ஆனால் விலை போகும் என்று தெரிகிறவரை எந்தப் பொருளும் கண்டெடுக்கப்படுவதில்லை.

முதலில் என் மனைவி பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டாள். அவர் கிதாரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கம்பிக்கு மட்டும் விலை சொன்னார். அதற்குள் என் தங்கையின் கணவர் செல்போனில் துழாவி, இந்த மாதிரிப் பழைய கிதாருக்கு வெளியே தலைசுற்றும் விலை இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அதுவரை மதிப்பற்றதாக இருந்த பொருள் அந்த நொடியே ‘விலைமதிப்பற்றது’ ஆயிற்று. முன்னால் ஒரு சொல் சேர்ந்தால் போதும், தமிழில் ஒரு பொருளின் தலையெழுத்தே மாறிவிடும்.

உடனே சாப்பாட்டு மேசையில் குடும்ப மதிப்பீட்டுக் குழு கூடியது. குடிநீர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அங்கே பல குழுக்களுக்குத் தலைமை தாங்கியிருக்கிறேன். எந்தக் குழுவாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. அந்த அனுபவம் கருதித் தலைவர் பதவி எனக்கே வந்தது. செயலாளர், தங்கையின் கணவர். இன்சூரன்ஸ்காரர், எதையும் உடைந்த பிறகு மதிப்பிடுவதில் கைதேர்ந்தவர். என் மனைவி உறுப்பினர். தங்கை டீ போட்டதால் ‘பார்வையாளர்’.

நடுவில் ஓட்டை இல்லாததால் இது பாதியில் நின்றுபோன கிதார் என்று என் மனைவி கருத்துத் தெரிவித்தாள். செயலாளர் செல்போனைப் பார்த்து விளக்கினார்: இந்த வகைக்கு ஓட்டை கிடையாது. கம்பிக்குக் கீழே பிக்கப் என்று காந்தக் கட்டைகள் இருக்கும்; அவை கம்பியின் நடுக்கத்தைப் பிடித்து ஒயர் வழியாக ஆம்ப் என்கிற ஒலிப்பெட்டிக்கு அனுப்பும்; அங்கேதான் அது சத்தமாகும். பிக்கப் என்றால் சாமான் ஏற்றும் வண்டி என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். தலைவர் என்பதால் வெளியே சொல்லவில்லை.

அடுத்த பொருள், அழுக்கு. பழைய வாத்தியத்தில் இருக்கும் அழுக்கு, கீறல், வியர்வைக் கறை எல்லாமே மதிப்புள்ளவையாம். என் மனைவியோ ஒரு பக்கத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்து முடித்திருந்தாள். வாழ்நாளில் முதன்முறையாகச் சுத்தம் செய்த குற்றத்துக்காக அவள்மீது கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. மிச்சமிருந்த அழுக்கைப் பாதுகாக்கும் பொறுப்பும் அவளிடமே ஒப்படைக்கப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை மதிப்பீட்டாளர் வந்தார். பழைய வாத்தியங்களைப் பார்த்து விலை சொல்லும் பெண்மணி. மேசைமேல் துணி விரித்து, நோயாளியைக் கிடத்துவதுபோல் கிதாரைக் கிடத்தினார். பின்பக்கத் தகட்டில் பொறித்திருந்த எண்ணைச் செயலாளர் பெருமையாகக் காட்டினார்.

“நம்பர மட்டும் நம்ப முடியாதுங்க. தகட்ட யார் வேணும்னாலும் மாத்திடலாம்” என்றார் அவர்.

கம்பிகளைத் தளர்த்திக் கழுத்தைக் கழற்றினார். அதன் அடியில் பென்சிலால் தேதி எழுதியிருந்தது. மேல்தகட்டைத் திறந்தார்; சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளின் முதுகில் குத்தியிருந்த வருடமும் அதோடு ஒத்துப்போனது. ஒயர்களைப் பற்றவைத்த ஈயத்தில் இன்னொரு கை பட்டதாகவே தெரியவில்லை. “ஒரிஜினல்” என்றார். செயலாளர் அந்தச் சொல்லை மந்திரம்போல் மூன்று முறை முணுமுணுத்தார்.

வாசித்தவர் யார் என்று கேட்டார் மதிப்பீட்டாளர். பெரிய கலைஞன் கை பட்ட கிதார் என்றால் விலை ஏறும் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். ஆகவே தம்பியின் மேதைமையைப் பற்றி நான் சிற்றுரை ஆற்றினேன். அவர் வாசித்தால் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்பேன் என்றாள் என் மனைவி. கேட்டு உருகியிருப்பதாகச் செயலாளரும் சொன்னார். தங்கை டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மதிப்பீட்டாளர் கழுத்தில் பதித்திருந்த குறுக்குக் கம்பிகளை நகத்தால் வருடினார். ஒவ்வொன்றிலும் குழி விழுந்திருந்தது. கற்றுக்கொள்கிறவர்கள் கை முதல் இரண்டு மூன்று கம்பிகளிலேயே நின்றுவிடுமாம். இங்கே மேலிருந்து கடைசிவரை தேய்ந்திருந்தது. “தினமும் வாசிச்சிருக்கார். ரொம்ப நல்லா வாசிச்சிருக்கார்” என்றார்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தார். சோதித்துப் பார்க்கப் பையிலிருந்து ஒரு சின்ன ஆம்ப்பை எடுத்தார். ஒயரின் முனையைக் கிதாரின் ஓரத்தில் அதைச் சொருகுவதற்கென்று இருந்த துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனவர், அப்படியே நிறுத்திவிட்டு டார்ச்சை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இதுல ஒயரே சொருகினதில்லையே. ஒரு தடவ சொருகினாலும் உள்ள தடம் விழும். அப்போ நீங்கல்லாம் என்னதான் கேட்டீங்க?”

தலைவர் என்ற முறையில் நானே விளக்கமளித்தேன். தம்பி தன் முதல் வருடச் சம்பளத்தில் கிதார் வாங்கினான். அடுத்து ஆம்ப் வாங்குவதாக இருந்தான். அப்போது எனக்குத் துறைத் தேர்வு. சத்தம் ஆகாது என்றேன். பிறகு தங்கையின் கல்யாணப் பேச்சு. பிறகு குழந்தைகளின் தூக்கம். பிறகு அதே குழந்தைகளின் பரீட்சை. பிறகு என் ரத்த அழுத்தம். ஒவ்வொரு தடவையும் “சரிண்ணா” என்பான். ஒயர் இல்லாத எலக்ட்ரிக் கிதார் கொசு அளவுக்குத்தான் சத்தம் போடும். கதவைச் சாத்திக்கொண்டு அதைத்தான் நாற்பது வருடம் வாசித்தான்.

மதிப்பீட்டாளர் டார்ச்சை அணைத்தார். கழுத்து இவ்வளவு தேய்ந்தும் துளை புதிதாகவே இருப்பது எங்கேயும் கிடையாது, சேகரிப்பவர்கள் இதற்கே இரண்டு மடங்கு கொடுப்பார்கள், இப்படிக் காப்பாற்றிய குடும்பத்தைத் தான் பார்த்ததில்லை என்றார். செயலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கடமையைத்தான் செய்தோம் என்றேன்.

அப்போது தங்கை எழுந்து வந்தாள்.

“சின்னண்ணன் வாசிச்சத நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லண்ணா. அந்தக் கிதார் சத்தமாவது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியணும்.”

சொருகினால் அந்த இரண்டாவது மடங்கு போய்விடும் என்று மதிப்பீட்டாளர் எச்சரித்தார். செயலாளர் அவசர வாக்கெடுப்பு நடத்தினார். மூன்று பேரும் எதிர்த்தோம். பார்வையாளருக்கு வாக்கு இல்லை. தங்கை ஒயரை எடுத்து அழுத்திச் சொருகினாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. உள்ளங்கையால் ஆறு கம்பிகளையும் ஒரே இழுப்பாக இழுத்தாள்.

அலமாரியில் டம்ளர்கள் அதிர்ந்தன. சத்தம் சுவரில் மோதி, மாடிப்படி ஏறி, காலி அறை வரைக்கும் போய், தயங்கித் தயங்கித்தான் அடங்கியது. என் மனைவி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். தங்கை கிதாரை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். என் கண்ணிலும் நீர் வந்தது. ரத்த அழுத்தமாகத்தான் இருக்க வேண்டும்.

கிதார் பாதி விலைக்குப் போயிற்று. அந்த ஒரு இழுப்புக்கு எவ்வளவு நஷ்டம் என்று செயலாளர் இன்றும் புலம்புகிறார். நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்லி வருகிறேன். என் தம்பியின் கிதாரைக் கேட்பதற்கு எங்கள் குடும்பம் இதுவரை கொடுத்த ஒரே கட்டணம் அதுதான். அதையும், வாசிக்க அவன் வரமாட்டான் என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகுதான் கொடுத்தோம்.