உப்பில்லாத லெந்து

சாம்பாரில் உப்பு இல்லை. ராஜவேல் முதல் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வேறு நாளாக இருந்தால் இந்நேரம் தட்டு தள்ளப்பட்டிருக்கும். இருபத்தெட்டு வருடம் பஸ் பஸ்ஸாக ஏறி டிக்கெட் பரிசோதித்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு பரிசோதிக்க வீடு ஒன்றுதான் மிச்சம். காப்பியின் சூடு, சட்டையின் மடிப்பு, காலண்டரின் சாய்வு என்று எதையும் விட்டதில்லை. மனைவி பிரிசில்லாவும் லேசுப்பட்டவள் அல்ல. அவர் ஒன்று சொன்னால் அவள் நாலு சொல்வாள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அந்தத் தெருவே இவர்கள் சத்தத்தை வைத்துத்தான் மணி பார்த்தது.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து உபவாசத்துக்கு ராஜவேல் ஒரு முடிவெடுத்திருந்தார். சபையில் எல்லோரும் கறியை விட்டார்கள். டாக்டர் சொல்லி அவர் கறியை விட்டு மூன்று வருடமாகிறது. விடுவதற்கென்று அவரிடம் மிச்சமிருந்த ஒரே சுகம் குறை சொல்வதுதான். சாம்பல் புதன் ஆராதனையில் கண்ணை மூடி, ஈஸ்டர் வரைக்கும் ஒரு குறையும் சொல்வதில்லை என்று ஆண்டவரிடம் வாக்குக் கொடுத்தார். உபவாசம் அந்தரங்கமாக இருக்க வேண்டும் என்பதால் பிரிசில்லாவிடம்கூட மூச்சு விடவில்லை.

முதல் பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டார். இன்று பதினோராம் நாள்.

"எப்படிங்க இருக்கு?" பிரிசில்லா கரண்டியோடு நின்றாள்.

"நல்லாருக்கு."

"உப்பு?"

பொய் சொல்வதும் பாவம்தான். கொஞ்சம் யோசித்து, "உடம்புக்கு நல்லது," என்றார்.

அவள் முகம் ஏனோ வாடிப்போனது.

அவளைச் சந்தோஷப்படுத்த, மறுநாள் உப்பில்லாத ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்கடுத்த நாள் உப்போடு புளியையும் காணோம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வைத்திருந்த வெள்ளைச் சட்டை, சிவப்புத் துண்டோடு ஊறி ரோஸ் நிறத்தில் வந்தது. "எடுப்பாத்தான் இருக்கு," என்று போட்டுக்கொண்டு போனார். அடுத்த வாரம் வேட்டியும் ரோஸானது.

இதற்கு மேல் தாங்காது என்று ஒரு பொட்டலம் உப்பு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிரிசில்லா அடுப்படிக்குத் திரும்பிய நேரத்தில் குழம்பில் அள்ளித் தூவினார். அன்றைக்குப் பார்த்து அவளே இரண்டு பங்கு உப்பு போட்டிருந்தாள்.

"என்னங்க, கண்ணுல தண்ணி வருது?"

"ஜெப நினைப்பு," என்று சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார்.

அன்றைக்குத்தான் அவருக்குப் பயம் வந்தது. முப்பத்தாறு வருடம் கை அளவிலேயே உப்புப் போட்டவள். இப்போது எல்லாம் தப்புகிறது. இது மறதி நோயாக இருக்குமோ? சிதம்பரத்தில் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் மகள் இலக்கியாவுக்குப் போன் போட்டார்.

"ஒங்க அம்மாவுக்கு எல்லாம் மறந்துபோவுதும்மா," என்றவர், உப்பில் தொடங்கி வேட்டி வரைக்கும் சொன்னார்.

மறுமுனையில் இலக்கியா திணறித் திணறி மூச்சு வாங்கினாள். மகள் அழுகிறாள் என்று நினைத்து அவரே அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

சும்மா ஒரு செக்கப் என்று சொல்லி, பிரிசில்லாவைச் சிதம்பரம் கீழவீதியில் டாக்டர் வெங்கட்ராமிடம் அழைத்துப் போனார்.

"இன்னிக்கு என்ன தேதிம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

பிரிசில்லா தேதியைச் சொன்னாள். கிழமையைச் சொன்னாள். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னதும், இரண்டு வரைக்கும் தடங்கலில்லாமல் இறங்கி வந்தாள்.

"அம்மாவுக்கு என்னைவிட ஞாபகம் ஜாஸ்தி," என்றார் டாக்டர்.

"நீங்க பாக்க வேண்டியது இவரத்தான் டாக்டர். வாழ்நாள் பூரா எதத் தொட்டாலும் நொட்டம் சொன்ன மனுஷன். ஒரு மாசமா நான் உப்பு மறந்தாலும் நல்லாருக்குங்கறாரு. ரோஸ் வேட்டியக் கட்டிகிட்டு கோயிலுக்கு வராரு. எனக்குப் பயமா இருக்குது."

டாக்டர் நாற்காலியை ராஜவேல் பக்கம் திருப்பினார். "சார், நாக்க நீட்டுங்க."

வேளைக்கு ஒன்றாக மூன்று மாத்திரை அவருக்குத்தான் எழுதப்பட்டது. உண்மையைச் சொன்னால் உபவாசத்தின் அந்தரங்கம் போய்விடும். பேசாமல் விழுங்கினார். கடலூர் திரும்பும் பஸ்ஸில் பிரிசில்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படி வந்ததில்லை. குறை சொல்லாததால் இப்படியும் ஒரு லாபம் உண்டா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆனாலும் மனசுக்குள் குறைப் பட்டியல் வளர்ந்துகொண்டேதான் இருந்தது. பெரிய வெள்ளி அன்று ஆராதனை முடிந்து குடித்த கஞ்சியோடு அது நாற்பத்தேழாக நின்றது. ஈஸ்டர் அன்று ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஈஸ்டர் அதிகாலை ஆராதனை முடிந்தது. இலக்கியாவும் சிதம்பரத்திலிருந்து வந்துவிட்டாள். மதியம் மீன் குழம்பு. ராஜவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கவளத்தை வாயில் வைத்தார்.

உப்பு, புளி, காரம் எல்லாம் நூல் பிடித்த மாதிரி இருந்தன. வறுவலைக் கடித்தார். மொறுமொறுவென்று இருந்தது. சட்டையைப் பார்த்தார். புதுச் சட்டை, சுருக்கமில்லாத வெள்ளை. நாற்பத்தேழில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"ஏதாச்சும் சொல்லுங்களேன்," என்றாள் பிரிசில்லா.

"என்னத்த சொல்றது? நாப்பது நாளா கொற சொல்றதில்லன்னு லெந்து இருந்தேன். இன்னிக்கு ஆசை தீர சொல்லலாம்னு பாத்தா, ஒரு கொறையும் இல்லாம ஆக்கி வச்சிருக்க."

பிரிசில்லாவின் கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள் நழுவியது. இலக்கியா சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, நீங்க எவ்ளோ நொட்டம் சொன்னாலும் எதுத்து ஒரு வார்த்த பேசறதில்லன்னு அம்மாவும் லெந்து இருந்தாங்க, நீங்க வாயவே தெறக்கலன்னதும் பொறுத்துக்க ஒண்ணுமில்லாம தவிச்சுப்போயி, வேணும்னேதான் உப்ப நிறுத்துனாங்க."