ஒண்ணும் ஆகாது அண்ணன்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. அடுப்படியில் கேஸ் வாடை அடித்தாலும், பிரேக் பிடிக்கும்போது வண்டி கீச்சென்று கதறினாலும், தேதி முடிந்த இருமல் மருந்தை மடமடவென்று குடித்துவிட்டாலும் அவர்கள் ஓதும் மந்திரம் ஒன்றுதான்: "ஒண்ணும் ஆகாது."

எங்கள் தெருவில் அந்தப் பதவியை வகிப்பவர் எலக்ட்ரீஷியன் அண்ணன். மெயினை அணைக்காமலே ஸ்விட்ச் பெட்டியைக் கழற்றுகிற ஆசாமி. அப்படிப்பட்டவர் ஒருநாள் சிகரெட்டை விட்டார். விட்டதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டு, நிகோடின் சூயிங்கம்மை மெல்ல ஆரம்பித்தார். "அது என்னப்பா?" என்று அவருடைய சின்ன மகள் பாப்பா கேட்டாள். பிள்ளை காதில் சிகரெட் என்ற கெட்ட வார்த்தை விழலாமா? பொறுப்பான தகப்பனல்லவா!

"அப்பாவோட மிட்டாய்டா."

மிட்டாய் சட்டைப் பையில். சட்டை நாற்காலி முதுகில்.

"அவ கைக்கு எட்டும்ங்க. மேல வைங்க" என்றாள் மனைவி.

"ஒண்ணும் ஆகாதும்மா."

அண்ணன் குளித்துவிட்டு வந்தபோது, பிய்த்த சூயிங்கம் அட்டையோடு பாப்பா தரையில் உட்கார்ந்திருந்தாள். மென்று, முழுங்கியும் ஆகிவிட்டது.

"அப்பா, உன் மிட்டாய் காரம்."

"ஒண்ணும்..." என்று அண்ணன் தொடங்கினார். முடிக்கவில்லை. பாப்பா வாந்தி எடுத்தாள். முகம் வெளுத்து, நெற்றி வியர்த்து, கடைவாயில் எச்சில் வழிந்தது.

"உப்புத் தண்ணி குடுத்து மிச்சத்தையும் வெளிய..."

"உங்க வைத்தியமே வேணாம்! வண்டிய எடுங்க. அந்த அட்டையையும் எடுங்க!"

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "என்ன முழுங்கினா?"

"மிட்டாய் டாக்டர்." பழக்க தோஷம்!

மனைவி அட்டையை மேசைமேல் வைத்தாள். டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார். அப்புறம் அண்ணனைப் பார்த்தார்.

"பெரியவங்களுக்கே தலை சுத்தும். இவ்வளவு சின்ன உடம்புக்கு இது விஷம்ங்க. வலிப்பு வரலாம், மூச்சுகூடத் திணறலாம்."

வயர் என்றால் வெறுங்கையால் பிடிக்கிற அண்ணன், பாப்பாவின் நெஞ்சில் ஒட்டியிருந்த மெல்லிய வயர்களைப் பார்த்து முதன்முதலாக நடுங்கினார். சாயங்காலம் பாப்பா கண் விழித்து, "பசிக்குதும்மா" என்றபோதுதான் அவருக்கு மூச்சே வந்தது.

டாக்டரம்மா நாடி பார்த்துச் சிரித்தார். "பயப்படாதீங்க. இனிமே ஒண்ணும் ஆகாது."

அண்ணனுக்கு வந்ததே கோபம்! "அதெப்படி டாக்டர் அவ்வளவு லேசா சொல்றீங்க? இன்னொரு தடவை நல்லா பாருங்க!"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் சட்டைப் பையில் இருப்பதை அப்புறம் எடுத்து மேலே வைத்துக்கொள்ளலாம். அதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது?